காரி மாட்டுக்கு எழுதிய மனம்

பெருமாட்டி,
சுக்கில வருஷம், தை 8

மச்சான் அவர்களுக்கு,

கமலாத்தாள் எழுதுவது. இவ்விடம் அனைவரும் நலம், அவ்விடம் நலமறிய அவா என்றுதான் தொடங்க வேண்டும். இவ்விடம் நலமில்லை. அதற்குக் காரணம் நீங்கள் என்பதால் அவ்விடத்து நலத்தையும் நான் கேட்கப்போவதில்லை.

உங்கள் கட்டுரை வந்த பத்திரிகை போன வாரம் கிடைத்தது. 'ஐந்தறிவின் பழி' என்று தலைப்பு, எழுதியவர் 'வனநேசன்'. முதல் முறை படித்தபோது யாரோ ஒரு கிழவரின் கதை என்றே நினைத்தேன். கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்கும் கிழவர், முன்கோபக்காரர். வாயில்லாத ஜீவனைக் காய்ச்சிய இரும்பால் சுட்டு வதைக்கிறார். கறுப்பு மாடு அந்தச் சூட்டை மறக்காமல், "நெஞ்சிலே நெருப்பைப் பொத்தி வைத்துக்கொண்டு" வருஷக்கணக்காகக் காத்திருக்கிறது. ஒரு நாள் அவர் கிணற்று ஓரத்தில் தனக்குப் பின்னால் நிற்பதைத் திரும்பிப் பார்க்கிறது. சமயம் இதுதான் என்று தெரிந்துகொள்கிறது. பின்னுக்கு நடந்து அவரைக் கிணற்றில் தள்ளிவிடுகிறது. பிறகு அதன் கண்ணில் "பழி தீர்த்தவனின் அமைதி" தெரிந்ததாம்.

இரண்டாம் முறை படித்தபோது அந்தக் கிழவர் என் அப்பா.

பெயர் போடவில்லையே என்பீர்கள். கறுப்பு மாட்டைக் கவலையில் கட்டிக் கிணற்றில் விழுந்து செத்தவர் இந்த ஊரில் வேறு யார்? பள்ளிக்கூடத்து வாத்தியார் பத்திரிகையைக் கடைக்குக் கொண்டுபோய் உரக்கப் படித்திருக்கிறார். மறுநாள் காலையில் நம் கவலை ஓட்டும் மாரப்பன் வந்து வாசலிலேயே நின்றான்.

"ஏனுங்க அம்மிணி, நானு இனிமேக் காரியக் கவலையில கட்ட மாட்டனுங்க. அது பழி வாங்குற மாடாமா. பொஸ்தகத்துல போட்டிருக்குதுங்க."

"போன வாரம் வரைக்கும் நீதானே ஓட்டினாய்?"

"போன வாரம் வரைக்கும் அதுக்கு அப்பிடியொரு நெனப்பு இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்களே."

உங்கள் அம்மா அவனுக்கும் மேல். "எம்பையன் பொய்யா எழுதுவான்? அச்சுல ஏறியிருக்குதுல்ல கண்ணு? எங்கண்ணனக் கொன்ன மாட்டுக்கு எங்கையாலயே தவுடு கரைச்சு வெச்சனே" என்று அழுகிறாள். பொள்ளாச்சிச் சந்தைக்கு ஓட்டச் சொல்கிறாள். இந்தப் பெயரோடு சந்தைக்குப் போகிற மாட்டை உழவுக்கு எவன் வாங்குவான்? அறுப்புக்குத்தான் போகும். காரி போனால் அதன் ஜோடி மயிலை மட்டும் தனியாகக் கவலை இழுக்காது. மிளகாய் பூத்து நிற்கிறது; கிணற்றில் தண்ணீர் இருந்தும் வயல் காய்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த இதழிலேயே மறுப்பு எழுதுங்கள். அந்தக் கிழவர் மாட்டை வதைத்தவர் அல்ல, மாடு பழி வாங்கியதை நான் பார்க்கவில்லை, இரண்டும் என் கற்பனை என்று எழுதுங்கள். உங்கள் பேனா இங்கே கட்டியதை உங்கள் பேனாதான் அவிழ்க்க வேண்டும்.

கமலாத்தாள்


தேவிகுளம்,
29-1-1930

சௌபாக்கியவதி கமலாத்தாளுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. இங்கே காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. விரல் விறைத்துப் பேனா பிடிக்க முடியவில்லை. ஆனாலும் உன் கடிதத்தில் இருந்த சூட்டுக்குக் குளிர் காயலாம் போலிருந்தது.

கோபத்தில் எழுதியிருக்கிறாய், மன்னிக்கிறேன். அப்பாவை இழந்த பெண். ஆனால் நீ படித்தவள். துரைசானி பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் புத்தகமெல்லாம் வாசித்தவள். இந்தக் கட்டுரைகள் என்ன வேலை செய்கின்றன என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியாவிட்டாலும் உனக்குத் தெரிய வேண்டாமா?

இந்த மலையில் சகாயம் என்று ஒரு வேட்டைக்காரன். லேகியத்துக்கென்று கருங்குரங்கைச் சுட்டு விற்பவன். அவன் சுட்ட ஒரு தாய்க்குரங்கு, மார்பில் பட்ட காயத்தைத் தடவி, இரத்தம் தோய்ந்த கையை அவனுக்கு நேரே நீட்டியது. 'நான் உனக்கு என்ன செய்தேன்?' என்று அது கேட்டதை நான் எழுதினேன். அச்சில் வந்ததை அவனுக்கே படித்துக் காட்டினேன். அன்றிலிருந்து துப்பாக்கி பரணில் கிடக்கிறது. தஞ்சாவூரிலிருந்து ஒருவர், இனி என் வண்டிமாட்டைத் தார்க்குச்சியால் குத்த மாட்டேன் என்று எழுதியிருக்கிறார். மாட்டுக்கு மனமில்லை, அது இறைக்கிற எந்திரம் என்றால் அதை அடிப்பதில் என்ன பாவம்? மிருகத்துக்கு உள்ளம் உண்டு என்று சொல்கிறவன்தான் அதற்கு நண்பன். இல்லை என்பவர்கள் கல்நெஞ்சர்கள். நீ எந்தப் பக்கம் என்று யோசித்துக்கொள்.

மாமா நல்லவர் என்று எனக்குத் தெரியாதா? அவர் மடியில் வளர்ந்தவன் நான். ஆனால் எழுத்துக்கென்று ஒரு நியாயம் உண்டு. பழி என்று ஒன்று இருந்தால் அதற்கு முன்னால் ஒரு குற்றம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாசகன் நம்ப மாட்டான். சூடு போட்டது உண்மைதானே? அதை எடுத்துக்கொண்டேன்.

மாட்டை விற்றுவிடு. வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அம்மாவை அழைத்துக்கொண்டு இங்கே வா. எஸ்டேட்டில் ஓட்டு வீடு கொடுத்திருக்கிறார்கள். பக்கத்துப் பாறையில் வரையாடுகள் மேய்வதை வாசலிலிருந்தே பார்க்கலாம். மறுப்பு எழுதும் பேச்சை விடு. ஆசிரியர் இரண்டாம் பகுதி கேட்டிருக்கிறார்.

உன் கணவன்,
கந்தப்பன்


பெருமாட்டி,
தை 24

மச்சான் அவர்களுக்கு,

"பழி என்று ஒன்று இருந்தால் அதற்கு முன்னால் ஒரு குற்றம் இருக்க வேண்டும்." இந்த வரியைப் பல முறை படித்தேன். மாட்டுக்கு ஒரு மனம் வேண்டியிருந்தது உங்களுக்கு. அந்த மனத்துக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அதற்காக என் அப்பாவைக் கொடியவர் ஆக்கினீர்கள். அவர் மடியில் வளர்ந்த கை அதைச் செய்தது.

சூடு போட்டது உண்மைதான். நுகம் அழுத்திக் காரியின் தோள் வீங்கி, பழுக்கத் தொடங்கியது. வைத்தியரை அழைத்து வந்து சூடு போட்டார்கள். நீங்களும் நானும் பக்கத்தில்தான் நின்றோம். அப்பா கொம்பைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனம் பொறுக்காமல் திருப்பிக்கொண்டார் என்று நான் எழுதலாம். புகை கண்ணில் பட்டிருக்கலாம். எனக்குத் தெரியாது. மறுநாள் காரி அவர் கையிலிருந்து பருத்திக்கொட்டை தின்றது. அது அவரை மன்னித்துவிட்டது என்று நீங்கள் எழுதுவீர்கள். பருத்திக்கொட்டை தின்றது என்று நான் எழுதுவேன்.

மாட்டுக்கு மனமில்லை என்று நான் எங்கே சொன்னேன்? இருக்கிறது என்றுதான் நானும் நினைக்கிறேன். அதனால்தான் அதில் கண்டதையெல்லாம் போட்டு அடைக்கக் கூடாது என்கிறேன். ஒருவர் வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாதபோது நம் வீட்டுச் சாமான்களைக் கொண்டுபோய் அடுக்கிவிட்டு, இதோ பாருங்கள் அவர் வீடு என்று ஊரைக் கூட்டுவது நட்பா? அந்தக் குரங்கு காயத்தைத் தடவிற்று, கையைப் பார்த்தது. அடிபட்டால் நானும் அதைத்தான் செய்வேன். கேள்வி உங்களுடையது. அந்தக் கேள்வியால் ஒரு துப்பாக்கி பரணுக்குப் போயிற்று என்றால் நல்லதுதான், ஒப்புக்கொள்கிறேன். இங்கே அதே பேனா ஒரு மாட்டை அறுப்புக்கு அனுப்புகிறது. மனம் கொடுத்தால் குற்றமும் கொடுக்கலாம் என்று ஆகிவிட்டதல்லவா?

காரியை வாங்கும்போது அதன் முதுகில் பாடைச்சுழி இருக்கிறது, வாங்குகிறவனைப் பாடையில் ஏற்றும் என்று தரகர்கள் சொன்னதும், அதனாலேயே அப்பா அதைச் சல்லிசாக வாங்கியதும் உங்களுக்குத் தெரியும். சுழி பார்த்து மாட்டின் குணம் சொல்கிற தரகனைப் பார்த்து நீங்கள் சிரித்தீர்கள். அவன் மயிரில் படித்ததை நீங்கள் கண்ணில் படித்தீர்கள். வேறென்ன வித்தியாசம்?

இன்னொன்று. காரியும் மயிலையும் ஒரே நுகத்தில் கட்டின மாடுகள். ஒன்று மட்டும் பின்னுக்கு நடந்து பழி வாங்குவது எப்படி? மயிலையும் சேர்ந்துதான் நடந்திருக்க வேண்டும். மயிலைக்கு யார் சூடு போட்டார்கள்?

மாரப்பன் வர மறுத்ததால் நானே இரண்டையும் கட்டி ஓட்டுகிறேன். பக்கத்து வயல் மருதாத்தாள் வரப்பில் நின்றுகொண்டு, "ஏ கமலா, உம்புருசன் மலையில பேனா ஓட்டறான், நீயி இங்க கவலை ஓட்டறயா? ரண்டு பேருத்துல ஆருக்குத் தண்ணி வருதுன்னு பாப்பம்!" என்று கேலி செய்தாள். எனக்குத்தான் வந்தது.

ஓட்டும்போது கவனித்தேன். சரிவில் மாடுகள் இறங்கும்போது தண்ணீர் மொண்ட சால் கிணற்றிலிருந்து ஏறுகிறது. மேலே வந்ததும், அதுவரை தும்பிக் கயிறு தூக்கிப் பிடித்திருந்த தோல் தும்பியின் வாய் வழியாகத் தண்ணீர் தொட்டியில் கொட்டுகிறது. நுகத்தில் பாரம் போய்விடுகிறது. பாரம் போன அந்தக் கணமே, யாரும் சொல்லாமல், இரண்டும் பின்னுக்கு நடந்து கிணற்று மேட்டுக்கு வருகின்றன. திரும்பிப் பார்ப்பதில்லை. நான் சத்தம் போட்டாலும் நிற்பதில்லை. பாரம் இருக்கும்வரை, எவ்வளவு அதட்டினாலும், பின்னுக்கு வருவதில்லை.

அப்படியென்றால் அன்று அவை சரிவில் கால் வைத்த உடனேயே பின்னுக்கு வந்தது ஏன்? மாடுகளோடு சரிவில் இறங்க அப்பா வடக்கயிற்றில் உட்காரக் குனிந்த நேரம் அது என்று நீங்கள்தான் அன்று சொன்னீர்கள். சால் பாதிக்கிணறு கூட ஏறியிருக்காது. மாரப்பன் தூரத்தில் மடை திருப்பிக்கொண்டிருந்தான். நான் வீட்டில். பக்கத்தில் இருந்தது நீங்கள் ஒருவர்தான். நீங்கள் கண்ணால் பார்த்தது எது, பிறகு சேர்த்தது எது? இரண்டையும் பிரித்து எழுதுங்கள்.

கமலாத்தாள்


தேவிகுளம்,
14-2-1930

கமலாத்தாளுக்கு,

உன் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்தது தவறு. பக்கத்து மேஜைக்காரர் முகத்தைப் பார்த்து என்ன விசேஷம் என்று கேட்டார். மனைவி எனக்குப் பாடம் எடுக்கிறாள் என்று சொல்ல முடியுமா?

நீ கவலை ஓட்டுவது எனக்கு அவமானம். உடனே நிறுத்து.

நான் கண்ணால் பார்க்காமல் எழுதுகிறவன் என்றா சொல்கிறாய்? உனக்குச் சொல்கிறேன், கேள். அன்று காலை முழுக்க நான் கிணற்று வாயில் மண்டியிட்டுக்கொண்டிருந்தேன். கிணற்றுச் சுவரின் பொந்தில் புறா குஞ்சு பொரித்திருந்தது. மஞ்சள் மயிர் கூட உதிராத இரண்டு குஞ்சுகள். சால் ஆடி ஆடி ஏறும்போதெல்லாம் கூட்டின் மேல் தண்ணீர் சிந்தியது. குஞ்சுகள் நடுங்கின. தாய்ப்புறா எதிர்ச் சுவரில் உட்கார்ந்து தவித்த தவிப்பை எழுத எனக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. மாமாவிடம் சொன்னால் சிரிப்பார். ஆகவே அடுத்த சால் ஏறும்போது நானே தும்பிக் கயிற்றை உருளையை விட்டு எடுத்து என் பக்கம் இழுத்துப் பிடித்தேன். சால் ஒதுங்கிக்கொண்டது. ஒரு சொட்டு நீர் அந்தக் குஞ்சுகள் மேல் விழவில்லை. தாய்ப்புறா என்னைத் திரும்பிப் பார்த்தது பார், கமலாத்தாள், அந்தப் பார்வைக்கு நன்றி என்பதைத் தவிர வேறு பெயர் இருந்தால் நீயே சொல்.

அந்தப் பார்வையிலிருந்து நான் தலையைத் தூக்கும்போதுதான் மாடுகள் வந்துவிட்டன. மாமாவின் கை மட்டும் தெரிந்தது. பிறகு காரியின் கண். கிணற்று வாயில் வந்து நின்று என்னையே பார்த்தது. ஒரே நேரத்தில் ஒரு பறவையின் நன்றியையும் ஒரு மாட்டின் வஞ்சத்தையும் பார்க்கிற விதி எனக்கு வாய்த்தது. இப்படிப் பார்க்கிறவனைப் பார்த்து, நீ எதைக் கண்டாய் என்று கேட்கிறாய்.

புறாக்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப்போகிறேன். அதையாவது குற்றம் சொல்லாமல் படி.

கந்தப்பன்


பெருமாட்டி,
மாசி 8

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று அதைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கிணற்றுக்குப் போனேன். மருதாத்தாளைக் கூப்பிட்டேன். "எதுக்கு?" என்றாள். "ஒரு கயிற்றைப் பிடிக்க" என்றேன்.

மாடுகளைக் கட்டி, நான் கயிற்றில் உட்காராமல், சரிவுக்கு வெளியே புல்லில் நின்றுகொண்டு ஓட்டினேன். மாடுகள் இறங்கத் தொடங்கிச் சால் தண்ணீரை விட்டு எழுந்ததும், மருதாத்தாளைத் தும்பிக் கயிற்றை உருளையிலிருந்து எடுத்துத் தன் பக்கம் இழுக்கச் சொன்னேன். உருளையை விட்டு வந்ததும் கயிறு தொய்ந்தது. தும்பி கீழே தொங்கிவிட்டது. சாலில் இருந்த தண்ணீர் முழுவதும் கிணற்றுக்குள்ளேயே கொட்டிற்று. நுகத்தில் பாரம் இல்லை.

இரண்டு மாடுகளும் பின்னுக்கு நடந்து கிணற்று வாய்க்கு வந்து நின்றன. அப்பா அன்று நின்றிருந்த இடத்தின் வழியாக வந்தன.

மறுபடியும் செய்து பார்த்தோம். அப்படியே நடந்தது. மருதாத்தாள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "அன்னைக்கு இந்தக் கவுத்த ஆரு புடிச்சிருந்தா?" என்று கேட்டாள். நான் மாடுகளை அவிழ்த்தேன்.

உங்களுக்கு எழுதிவிடுகிறேன். நீங்கள் என் அப்பாவைக் கொன்றீர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கயிற்றை எடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா, தெரியவில்லையா? பிறகாவது தெரிந்ததா? தெரிந்துதான் மாட்டுக்கு ஒரு மனம் எழுதினீர்களா, இல்லை எழுதி எழுதி உங்களுக்கே அது உண்மை ஆகிவிட்டதா? இவற்றில் எதுவும் எனக்குத் தெரியாது. உங்கள் உள்ளத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காத உள்ளத்தைப் பற்றி எழுத எனக்கு வராது. காரிக்குக் கொடுத்த அதே மரியாதையை உங்களுக்கும் கொடுக்கிறேன்.

அது உங்களுக்கு மட்டுமே தெரிந்தது. ஆகவே நீங்கள்தான் எழுத வேண்டும். புறாவின் மனத்தையும் மாட்டின் மனத்தையும் எழுதியவர், தெரிந்தே எழுதக்கூடிய ஒரே மனம் இருக்கிறது. அதை எழுத மனமில்லாவிட்டால், முதலில் நான் கேட்ட மறுப்பையாவது எழுதுங்கள். காரி நிற்கும். அப்பாவின் பெயர் நிற்கும். நானும் அங்கே வருவதைப் பற்றி யோசிப்பேன்.

கமலாத்தாள்


தேவிகுளம்,
27-2-1930

கமலாத்தாளுக்கு,

இப்படி ஒரு கடிதத்தை எந்த மனைவியும் எந்தக் கணவனுக்கும் எழுதியிருக்க மாட்டாள்.

உள்ளத்தைப் பார்க்காமல் எழுத வராது என்கிறாய். எனக்கு வரும். உன் உள்ளத்தை நான் இங்கிருந்தே படிக்கிறேன். உன் எழுத்தில் இருப்பது அறிவு அல்ல, ஆராய்ச்சியும் அல்ல. என்னைக் கட்டிக்கொள்ள உனக்கு முதலிலிருந்தே இஷ்டமில்லை. மேலே படிக்கப் போயிருக்க வேண்டியவளை அத்தை மகனுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்ற எரிச்சல். மாமா உயிரோடு இருந்தவரை அதை அடக்கி வைத்திருந்தாய். இப்போது சமயம் பார்த்திருக்கிறாய். காரியின் கண்ணில் நான் கண்டது எதுவோ அதுவே இந்தக் காகிதத்திலும் இருக்கிறது. நெருப்பைப் பொத்தி வைத்துக் காத்திருந்து, பின்னுக்கு நடந்து ஆளைத் தள்ளுகிற புத்தி.

நீ கேட்கிறபடி நான் எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? மாட்டின் மேல் சொன்னால் மாட்டுக்கு என்ன நஷ்டம்? மாடு பத்திரிகை படிக்காது. என் மேல் சொன்னால், படிக்கிற மனிதர்களுக்கு நடுவில் நான் வாழ வேண்டும். நாளைக்கு ஒரு துரை கேட்பான், இவனா இந்த எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறவன் என்று. என்னைப் படித்துத் துப்பாக்கியை வைத்தவன், தார்க்குச்சியை எறிந்தவன், அத்தனை பேரும் சிரிப்பார்கள். இத்தனை ஜீவன்களுக்குக் கிடைத்த நன்மை எல்லாம் ஒரு மாட்டுக்காக அழிய வேண்டுமா?

மறுப்பு எதுவும் வராது. இரண்டாம் பகுதியை அனுப்பிவிட்டேன். தரகன் மொக்கையனுக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். அடுத்த சந்தைக்கு முன்னால் வந்து மாட்டைப் பிடித்துக்கொண்டு போவான். அம்மாவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். இது உன் புருஷன் சொல்வது. தடுக்காதே.

கந்தப்பன்


பெருமாட்டி,
மாசி 25

மச்சான் அவர்களுக்கு,

என் மனத்தில் என்ன இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை. இங்கே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அத்தைக்கு நீங்கள் எழுதிய கடிதத்தை வாசித்துக் காட்ட இந்த வீட்டில் என்னைத் தவிர ஆள் இல்லை என்பதை மறந்துவிட்டீர்கள். வாசித்தேன். மாட்டை விற்கச் சொன்னது, கமலாவுக்குப் புத்தி பிசகியிருக்கிறது என்றது, எதையும் விடவில்லை. அத்தை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "எதுக்குக் கண்ணு பிசகுச்சு? நீயி என்ன எழுதுன, அவன் என்ன எழுதுனான்?" என்று கேட்டாள். முன் வந்த கடிதங்களை எடுத்து வந்து வாசித்தேன். புறாக் கடிதத்தை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். தும்பிக் கயிறு வருகிற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள். எழுந்து போய்த் தவிட்டுத் தண்ணீர் கரைத்து இரண்டு மாட்டுக்கும் வைத்தாள். காரி குடித்து முடிக்கும் வரையில் பக்கத்திலேயே நின்றாள்.

மொக்கையன் புதன்கிழமை வந்தான். கையில் புதுக் கயிறு.

"ஏனுங்க அம்மிணி, உங்க ஊட்டுக்காரரு கடுதாசி போட்டிருக்கறாருங்க. காரியப் புடிச்சுட்டுப் போச் சொல்லி."

நான் வாய் திறப்பதற்குள் அத்தை வந்துவிட்டாள். "ஆரு மாட்ட ஆரு புடிக்கிறது? எங்கண்ணன் வாங்குன மாடு, அவிய மகளோட மாடு. கடுதாசி போட்டவன் வந்து புடிக்கட்டும்."

"சுழியும் சரியில்லீங்களே ஆத்தா. பழிகார மாடுன்னு ஊரே பேசுது. உங்களுக்கு எதுக்குங்க வம்பு?"

"பழிகார மாடுன்னா உனக்கு மட்டும் எதுக்குடா? வந்த வழியப் பாத்துட்டுப் போ."

அவன் போய்விட்டான். அவன் கொண்டுவந்த கயிறு மாட்டுத்தொட்டி மேல் கிடக்கிறது. திரும்ப வந்து கேட்டால் கொடுப்பேன்.

மாரப்பன் இரண்டு நாள் வரப்பில் உட்கார்ந்து நான் ஓட்டுவதைப் பார்த்தான். மூன்றாம் நாள் வந்து, "தள்ளுங்க அம்மிணி, நீங்க ஓட்டுனா மாட்டுக்குக் காலு நோவும்" என்று மாட்டுக் கயிற்றை வாங்கிக்கொண்டான். பயம் தெளிந்ததா, கூலி வேண்டியிருந்ததா என்று கேட்கவில்லை. சால் நிறைந்து வருகிறது. மிளகாயில் பாதியைக் காப்பாற்றலாம். மேற்குப் பக்கத்துப் பாத்திகள் போய்விட்டன.

பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறேன், என் பெயரிலேயே. அப்பாவின் பெயரையும் ஊரையும் போட்டிருக்கிறேன். காரிக்குத் தோள் வீக்கத்துக்குச் சூடு போட்டது. ஒரே நுகத்தில் இரண்டு மாடுகள் இருந்தது. சால் பாதியில் காலியானால் அவை பின்னுக்கு நடக்கும் என்பது. அதை நானும் மருதாத்தாளும் செய்து பார்த்தது. அன்று கிணற்று வாயில் யார் இருந்தார், அவர் கை எந்தக் கயிற்றில் இருந்தது என்பதும் அதில் இருக்கிறது. உங்கள் வாக்கியத்தையே வைத்திருக்கிறேன். ஏன் பிடித்தார் என்பதற்குப் புறாக் குஞ்சுகள் நனையாமல் இருக்க என்று நீங்கள் சொன்னதையே எழுதினேன். நீங்கள் நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ எழுதவில்லை. ஆசிரியர் அதை அச்சிடுவாரா, குப்பையில் போடுவாரா என்று தெரியாது. வாசிப்பவரை அழ வைக்கும்படி அதில் ஒன்றும் இல்லை.

அது தபாலுக்குப் போகும் முன் உங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அனுப்பட்டுமா என்று கேட்டேன். சரி என்று தலையை அசைத்தாள்.

உங்கள் துணிப்பெட்டி, குடை, சுவரில் மாட்டியிருந்த மான்கொம்பு, பழைய பத்திரிகைக் கட்டு எல்லாவற்றையும் மாரப்பன் வண்டியில் ஏற்றிப் பொள்ளாச்சி ரயிலடிக்கு அனுப்பியிருக்கிறேன். போடிநாயக்கனூர் வரை ரயிலில் வரும். அங்கிருந்து மலைக்கு ஏற்றிக்கொள்ள நீங்கள்தான் ஆள் வைக்க வேண்டும்.

பங்குனியில் அப்பாவின் திதி. போன வருஷம் கொள்ளி வைத்தவர் என்ற முறையில் உங்களைத்தான் கூப்பிட வேண்டும். பங்காளி வீட்டுப் பையனைக் கேட்டிருக்கிறேன், சம்மதித்தான். நீங்கள் வர வேண்டாம். இனி இந்த முகவரிக்கு என் பெயரில் வருகிற கடிதத்தைப் பிரிக்க மாட்டேன். அத்தை பெயரில் வந்தால் வாசித்துக் காட்டுவேன், ஒரு வரியும் விடாமல்.

கடிதத்தை முடிக்கும் முன் அத்தையிடம், உங்கள் மகனுக்கு ஏதாவது சொல்லி எழுத வேண்டுமா என்று கேட்டேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தினாள். பிறகு புடைக்கத் தொடங்கினாள். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அரிசி முழுவதும் புடைத்து முடித்து, நொய்யைத் தனியாக எடுத்துவைத்து, உள்ளே போய்விட்டாள்.

குப்பண்ணன் மகள்,
கமலாத்தாள்